எனக்கு முன் அம்மாவுக்கு

உப்பல் ஆஸ்பத்திரியில் என் பேத்தியின் குழந்தைக்குத் தடுப்பூசி போட, நர்ஸ் பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்தாள். அந்த வாசனை மூக்கில் ஏறியதும் எனக்கு ஆறு வயதாகிவிட்டது.

நிஜாம் காலம். செகந்திராபாத் ரயில்வே குவார்ட்டர்ஸில் எங்கள் வீடு. அப்பா ஒர்க்‌ஷாப்புக்குப் போயிருந்தார். ஊரில் பெரியம்மை பரவியதால் வீடு வீடாக அம்மை குத்த ஒருவர் வந்தார். ஸ்பிரிட் விளக்கின் சுடரில் அவர் ஊசியைக் காட்டியதும், அம்மா என்னை இழுத்து அணைத்துக்கொண்டாள்.

"வர்றவ மாரியாத்தா. அவளை ஊசியால சீண்டினா என் பொண்ணைச் சும்மா விடுவாளா?"

பக்கத்து வீட்டு ஜைனப் பீ வந்தாள். முகமெல்லாம் அம்மைத் தழும்பு. ஒரு கண்ணில் பார்வையில்லை. அம்மாவின் விரல்களைப் பிடித்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டு, எங்களோடு பழகிக் கற்ற தமிழில் சொன்னாள்.

"எங்கம்மாவும் நக்கோ நக்கோ, வேணாம்னுதான் சொன்னாங்க, அக்கா. நான் பொழைச்சேன். தம்பி பொழைக்கலே."

அம்மா ரவிக்கைக் கையை மேலே ஏற்றினாள்.

"முதல்ல எனக்குக் குத்துங்க. ஆத்தா கோபிச்சா என்னோட போகட்டும்."

குத்திய கை வீங்கிக் கொப்புளம் கண்டது. காய்ச்சலோடே சமைத்தாள். எட்டாம் நாள் அம்மை குத்தியவர் கொப்புளத்தைப் பார்க்கத் திரும்பி வந்தபோது காய்ச்சல் விட்டிருந்தது.

"இப்ப என் பொண்ணுக்கு" என்று என்னை முன்னால் நிறுத்தினாள்.

அம்மாவுக்குப் பயம் போய்விட்டதென்றே நினைத்தேன். ஆனால் என் தோளைப் பிடித்திருந்த அவள் கை நடுங்கிக்கொண்டிருந்தது. அத்தனை பயத்தோடு அவ்வளவு உறுதியாக நின்ற ஒருத்தியை அதன்பின் நான் கண்டதில்லை.