வெறுங்கால் கூட்டத்துக்குச் செருப்புக் கடை

கிரிவலம் வருகிறவர்களுக்குச் செருப்பு விற்கலாம் என்று பாதையோரம் கடை போட்டவன் நான். மலையைச் சுற்றுகிறவர்கள் வெறுங்காலோடு நடப்பார்கள் என்பது நம்மூரில் பால்குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். பிறந்தது முதல் அந்த மலையைப் பார்த்துக்கொண்டே வளர்ந்த எனக்கு, தெரிந்திருக்க வேண்டிய அந்த ஒரு நாளில் மட்டும் அது மறந்துவிட்டது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினர்களில் பாதிப்பேர் அந்தக் கதையைச் சொல்லிச் சிரித்தவர்கள்தான். மீதிப்பேருக்கு நானே சொல்லிவிடுகிறேன். அதைச் சொல்லாமல் எங்கள் அக்காவைப் பற்றி எழுத முடியாது.

அக்கா அவர்கள் எங்களை விட்டுப் பிரிந்து இன்றோடு ஓராண்டு நிறைகிறது.

கீழ்பென்னாத்தூருக்குப் பக்கத்துக் கிராமத்தில், மல்லாட்டை என்கிற வேர்க்கடலை விளைகிற மேட்டு நிலக் குடும்பத்தில் நால்வரில் மூத்தவராகப் பிறந்தார். நான் கடைசி. திருவண்ணாமலைக்கு வாழ்க்கைப்பட்டு வந்தார். அவருடைய கணவர், எங்கள் மாமா, மண்டியில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தார். எழுபதுகளின் தொடக்கத்தில் ஒரு நாள் மூட்டை சரிந்து முதுகில் விழுந்ததில், அதன்பிறகு அவரால் நிமிர்ந்து நிற்க முடியவில்லை. மகள் செல்விக்கு அப்போது ஐந்து வயது.

அக்கா தேரடிக்குச் சற்றுத் தள்ளி, ஒரு கதவு அகலத்தில் செருப்புக் கடை திறந்தார். ஏன் செருப்பு என்று கேட்டதற்கு, இட்லியும் பூவும் அன்றைக்கே விற்றாக வேண்டும், செருப்பு ஊசிப்போகாது, எலியும் தொடாது என்றார். எலி தொட்டது. மற்றபடி கணக்கு சரி.

சொந்தக்காரர்கள் சும்மா இருப்பார்களா? குடியானவர் வீட்டுப் பெண் கண்டவர் காலைப் பிடித்துச் செருப்பு மாட்டிவிடுவதா என்று ஒரு கல்யாணப் பந்தியிலேயே கேட்டார்கள். அக்கா சாம்பாருக்குக் கை நீட்டியபடியே, "ஆமாங்க. உங்க காலுக்கு எத்தினி நம்பர்?" என்றார். கேட்டவர் மறு மாதம் கடைக்கு வந்தார். உறவுமுறை சொல்லி விலையைக் கம்மி பண்ணச் சொன்னார்.

நான்கு வருஷம் கழித்துக் கடைக்கே ஆபத்து வந்தது. இடத்துக்காரர், கார்த்திகை தீபம் முடிந்ததும் புது முன்பணம் தராவிட்டால் காலி செய்யச் சொன்னார். அக்கா அதற்கென்று கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து வைத்திருந்தார். தீபத்து வாரத்தில் மாமாவை வேலூருக்கு வைத்தியத்துக்கு அழைத்துப்போக வேண்டியிருந்ததால், கடையையும் அந்தப் பணத்தையும் என் பொறுப்பில் விட்டார். இருப்பதை விற்றால் போதும், புதிதாக எதுவும் செய்யாதே என்று இரண்டு தரம் சொல்லிவிட்டுப் போனார்.

நான் புதிதாகச் செய்தேன். தீபத்துக்கு எத்தனை ஆயிரம் பேர், ஆளுக்கு இரண்டு கால் என்று பெருக்கிப் பார்த்ததில் எனக்குத் தலை சுற்றியது. முன்பணம் முழுவதையும் கொடுத்து எட்டு மூட்டை ரப்பர் செருப்பு எடுத்தேன். அளவு பார்க்க என் காலையே நீட்டினேன் என்பதால் முக்கால்வாசி பெரிய நம்பராக அமைந்தது. தள்ளுவண்டி பிடித்து, கிரிவலப் பாதையில் பந்தல் கட்டி, கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தேன்.

கூட்டம் வந்தது. வெள்ளமாக வந்தது. ஒரு காலிலும் செருப்பு இல்லை. ஒரு பெரியம்மா மட்டும் என் பந்தல் முன்னால் நின்றார்.

"ஏம்பா, நீ எந்த ஊரு?"

"இதே ஊருதாங்க."

"அப்ப பாவம் ஜாஸ்தி" என்று சொல்லிவிட்டு நடந்தார்.

மறுநாள் காலை அக்கா பஸ்ஸை விட்டு இறங்கி நேரே என்னைத் தேடி வந்தார். எட்டு மூட்டையையும் பார்த்தார். கடை போச்சு என்று அவருக்குப் புரிந்தது முகத்தில் தெரிந்தது. திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் கேள்வி கேட்டார்.

"வந்தவங்கல்லாம் செருப்ப எங்க உட்டாங்க?"

"கோயில் வாசல்லதான். குமிஞ்சி கெடந்துச்சி."

"திரும்பப் போனா கெடைக்குமா?"

அந்தக் குவியலில் யார் செருப்பு யாருக்குக் கிடைக்கும்? பஸ் நிலையத்தில் ஜனங்கள் கொப்புளம் போட்ட காலில் துணி சுற்றி உட்கார்ந்திருந்ததை அக்கா வரும்போதே பார்த்திருக்கிறார். நான் கூட்டத்தின் எண்ணிக்கையைப் பார்த்தேன். அவர் காலைப் பார்த்தார். "வண்டியத் தள்ளு" என்றார்.

பஸ் நிலையத்துக்குப் போகிற வழியில் வண்டியை நிறுத்தினோம். ஒரு குடம் தண்ணீர், பழைய வேட்டித் துணி. வந்தவர்களை மூட்டைமேல் உட்காரவைத்து, சேறு படிந்த காலைக் கழுவித் துடைத்த பிறகே செருப்பு மாட்டிவிட்டார். விலையை ஒரு பைசா ஏற்றவில்லை. ஏற்றலாமே என்று நான் காதோரம் சொன்னதற்கு, தீபத்துக்குத் தீபம் வருகிறவர்கள் ஏமாந்ததையும் தீபத்துக்குத் தீபம் நினைப்பார்கள் என்றார். ஒருவர், ராத்திரி காணாமல் போன செருப்புதான் காலையில் இங்கே விற்கிறதா என்று உரக்கக் கேட்டார். எனக்குக் கோபம் வந்தது. அக்கா ஒரு ஜோடியைத் திருப்பிக் காட்டினார். "அடியப் பாருங்க. தேஞ்சிருந்தா சும்மாவே எடுத்துக்கினு போங்க." அவர் இரண்டு ஜோடி வாங்கினார்.

சாயங்காலத்துக்குள் முன்பணம் திரும்பிவிட்டது. கடை நிலைத்தது. பெரிய நம்பர்கள் விற்றுத் தீர இரண்டு வருஷம் ஆயிற்று. அதுவரை நம் குடும்பத்துக் கல்யாணங்களில் நான் செய்த மொய்யெல்லாம் செருப்புதான் என்பதை வாங்கியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

அதற்குப் பிறகு அக்கா வியாபாரம் செய்த விதத்தை, கடை வைத்திருக்கும் நம் பிள்ளைகளுக்காக எழுதுகிறேன். தினுசு நான்கு போதும், ஆனால் ஒவ்வொன்றிலும் எல்லா நம்பரும் இருக்க வேண்டும் என்பார். அந்தக் காலத்தில் நம் பக்கத்தில் பெண்கள் செருப்பு வாங்கக் கடைக்கு வருவதில்லை. சந்தைக்கு வரும் ஆண்கள், வீட்டுக்காரம்மாவின் கால் நீளத்துக்கு ஒடித்த ஈர்க்குச்சியை மடியில் கொண்டுவருவார்கள். குச்சி நீளம் சொல்லும், அகலம் சொல்லாது. அதனால், சேறு பட்டிருந்தாலும் பரவாயில்லை, சேரவில்லையென்றால் கொண்டுவாருங்கள், மாற்றித் தருகிறேன் என்று ஒவ்வொருவரிடமும் சொல்லி அனுப்புவார். நஷ்டம் என்று நான் கத்தினேன். மாற்ற வந்தவர்கள் வீட்டுக்காரம்மாவையே அழைத்துவந்தார்கள். அந்த அம்மாக்கள் பிள்ளைகளை அழைத்துவந்தார்கள்.

எண்பதுகளில், மல்லாட்டை அறுவடைக் காலமாகப் பார்த்து, கீழ்பென்னாத்தூரில் இரண்டாவது கடை திறந்தார். அது எனக்குத்தான் என்று நினைத்து நான் புதுச் சட்டையே தைத்துவிட்டேன். அக்கா அதைக் கடையில் வேலை பார்த்த பவுனம்மாவிடம் கொடுத்தார். ஒரு வாரம் அக்கா வீட்டில் சாப்பிடாமல் இருந்தேன். ஓட்டலில் சாப்பிட்டேன். பிறகு வெட்கத்தை விட்டுக் கேட்டேன்.

"நீ நல்லாப் பேசி விப்ப. வாங்கனவன் திரும்பி வந்தா பின்பக்கமா ஓடிடுவ. அவ நிப்பா" என்றார் அக்கா.

அது உண்மை. அன்று முதல் திரும்பி வருகிறவர்கள் முன்னால் நிற்கப் பழகிக்கொண்டேன். கடை கொடுப்பார் என்று காத்துக்கொண்டும் இருந்தேன்.

சிறுநீரகம் கெட்டுப் படுத்த கடைசி நான்கு மாதமும், யார் பார்க்க வந்தாலும் அக்காவின் கண் முதலில் அவர்கள் காலுக்குத்தான் போகும். வார் அறுந்திருந்தால் செல்வியைக் கூப்பிட்டுவிடுவார்.

அரசு மருத்துவமனையில் அவரைப் பெற்ற தாய்போல் பார்த்துக்கொண்ட நர்ஸம்மாக்களுக்கும், கடையை அடைத்துவிட்டு ஓடிவந்த பவுனம்மாவுக்கும், அக்கா பிரிந்த அன்று வாடகை வாங்காமல் வண்டி கொடுத்தவருக்கும், தேரடிக் கடைக்காரர்கள் அனைவருக்கும், இறுதிக் காரியங்களில் தோள் கொடுத்த பங்காளிகளுக்கும் எங்கள் குடும்பம் கை கூப்பி நன்றி சொல்கிறது. வருஷா வருஷம் எங்களிடமே வந்து செருப்பு வாங்கும் முகம் தெரியாத யாத்திரிகர்களுக்கும் நன்றி.

இந்தக் கட்டுரையைக் கடையில் உட்கார்ந்துதான் எழுதினேன். கல்லாவில் இப்போது செல்வி இருக்கிறாள். முடித்ததும் அவளிடம் படித்துக் காட்டி, அக்கா இன்னும் கொஞ்ச நாள் இருந்திருந்தால் எனக்கு ஒரு கடை கொடுத்திருப்பாரா என்று கேட்டேன். அவள் தலை நிமிரவில்லை.

"வாசல்ல செருப்பு மாத்த வந்து நிக்கிறாங்க மாமா, போய்ப் பாருங்க."