நாக்குக்கு அடியில் ஒரு மாத்திரை

விருத்தாசலத்தில் எங்கள் போதை மீட்பு மையத்தை மூடச் சொல்லி ஐந்து பேர் வந்த காலை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. முன்னால் நின்றவர் ஒரு செராமிக் கம்பெனி முதலாளி. நான் அங்கே நர்ஸ். போதைக்காக வலி மாத்திரையைக் கரைத்து ஊசி போட்டுப் பழகியவர்களுக்குத் தினமும் புப்ரினார்ஃபின் மாத்திரை கொடுப்போம். நாக்குக்கு அடியில் வைத்து, கரையும்வரை வாய் திறக்கக்கூடாது. அப்புறம் ஊசி தேடி அலைய வேண்டியதில்லை.

"போதைய நிறுத்தறேன்னு நீங்களே போதை குடுக்கறீங்களே, வெக்கமா இல்ல?" என்றார் முதலாளி.

சாக்கடையெல்லாம் ஊசி கிடக்குது, மோட்டார் வயர் களவு போகுது என்று முன்பு புலம்பியவரும் இவர்தான். மையம் வந்து இரண்டும் குறைந்தது மட்டும் இந்தப் பெரிய மனிதரின் கண்ணில் படவில்லை.

பெஞ்சில் உட்கார்ந்திருந்தவனை அப்போதுதான் பார்த்தார். அவருடைய சூளையில் சரக்கு அடுக்கும் அந்தோணி.

"டேய், நீயுமா? வாயத் தொறந்து சொல்லுடா!"

"கரையட்டும், சொல்லுவாரு" என்றேன். ஐந்து பெரிய மனிதர்களும் ஒரு மாத்திரை கரையக் காத்து நின்றார்கள்.

"ஒரு வருஷமா வரேன் மொதலாளி. சூளை சாவிய என்னைய நம்பித்தான குடுத்தீங்க? அன்னிக்கும் இதப் போட்டுக்கிட்டுத்தான் வந்தேன்."

"மாத்திரைய நிறுத்திட்டு வா. இல்லேன்னா வேலைக்கு வராத."

வேலை போய்விடுமே என்று, டாக்டர் சொல்லியும் கேளாமல் நிறுத்தினான். உடம்பு வலி தாங்கவில்லை, ஊசிக்குப் போனான். ஊசியை விட்டிருந்த உடம்பு பழைய அளவைத் தாங்கவில்லை. பேச்சுமூச்சில்லாமல் கிடந்தவனை அவன் மனைவி மேரி ஆஸ்பத்திரியில் சேர்த்தாள். "அவரு வித்துருவாருன்னு பாத்திரத்த ஒளிச்சு வைக்கறத இப்பத்தான் வுட்டிருந்தேன் அக்கா" என்று என்னிடம் அழுதாள். எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை.

பிழைத்து மறுபடி எங்களிடம் வரத் தொடங்கினான். பின்னாலேயே முதலாளியும் வந்தார்.

"ஏம்மா, அவன் எப்ப வேலைக்கு வருவான்? வேற ஆளு அடுக்கினா சரக்கெல்லாம் ஒடையுது." பேசிக்கொண்டே சட்டைப் பையிலிருந்து மாத்திரை எடுத்தார். "சுகரு. கொஞ்சம் தண்ணி குடும்மா."

"எவ்ளோ நாளா போடறீங்க?"

"அது ஆயுசுக்கும் போடணுமாம்."

"அத நிறுத்திட்டு வாங்க. அப்பறமா அந்தோணியப் பத்திப் பேசலாம்."

நான் கொடுத்த தண்ணீரில் மாத்திரையை விழுங்கிவிட்டுப் போனார். மறு வாரம் அந்தோணியிடம் சாவி திரும்பி வந்தது. அவன் இன்றும் எங்கள் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டுத்தான் சூளைக்குப் போகிறான்.

புதிதாக வரும் நர்சுகளுக்குச் சொல்கிறேன். மாத்திரையை எப்போது நிறுத்துவது என்பதை நோயாளியும் டாக்டரும் பேசி முடிவு செய்துகொள்வார்கள். முதலாளிகள் வந்தால் தண்ணீர் மட்டும் கொடுங்கள்.