குகைக்கு வெளியே சிரிப்பு

சுவரைக் கண்டால் முட்டிப் பார்ப்பது அவளுடைய தொழில். வீடியோ கேம் உருவாக்கும் சிறு நிறுவனம் ஒன்றில் அவள் சோதனையாளர். திரையில் கற்கோட்டைபோல நிற்கும் சுவர், செய்தவரின் கவனக்குறைவால் சில நேரம் வெறும் புகையாக இருந்துவிடும். ஆடுபவர் அதற்குள் நடந்து, அடியில்லாத வெளியில் விழுந்துகொண்டே இருப்பார். அப்படிப்பட்ட பொய்ச்சுவர்களைத் தேடி, கதைத் தலைவியை ஒவ்வொரு சுவரிலும் மூலையிலும் கொண்டுபோய் மோதிப் பார்ப்பாள். அலுவலகத்தில் அவளுக்கு ‘சுவர்முட்டி’ என்று பெயர். முகத்துக்கு நேரே ‘அக்கா’.

ஐயம் அவளோடு கூடப் பிறந்தது. குளிர்பெட்டியின் கதவை மூடியபின் உள்ளே விளக்கு அணைகிறதா என்ற கேள்வி பிள்ளைப் பருவம் முதலே அவளை அரித்தது. “அணையும், போய்ப் படி” என்றார்கள் பெரியவர்கள். பெண் பார்க்க வந்தவர் குளிர்பெட்டி பழுதுபார்ப்பவர் என்று தெரிந்ததும், பேசுவதற்கு மற்றவர்கள் ஒதுக்கித் தந்த நேரத்தில் அவள் கேட்டது அந்த ஒன்றைத்தான். அவர் சிரிக்கவில்லை. கதவின் ஓரத்தில் ஒளிந்திருந்த சிறு விசையை விரலால் அமுக்கிக் காட்டினார். விளக்கு அணைந்தது. விரலை எடுத்தார், எரிந்தது. “இன்னொரு தடவை” என்றாள். மறுபடியும் காட்டினார். அன்றே சம்மதம் சொல்லிவிட்டாள்.

அவளுடைய நிறுவனம் சில ஆண்டுகளாக ஒரே விளையாட்டைத்தான் வளர்த்து வந்தது. ஜப்பானியப் புராணக் கதை. தம்பியின் அட்டூழியம் பொறுக்காத கதிரவன் தேவி ஒரு குகைக்குள் புகுந்து பாறையால் வாயிலை அடைத்துக்கொள்கிறாள். உலகம் இருள்கிறது. ஆடுபவர் ஏற்கும் வேடம், கையில் தூரிகை ஏந்திய ஒரு சிறுமி. மையில் நனைந்த காகிதம் போன்ற அந்த நிலத்தில் அவள் ஆற்றின் குறுக்கே ஒரு கோடு இழுத்தால் அது பாலமாகும். பட்ட மரத்தின் கிளையில் ஒரு புள்ளி வைத்தால் மொட்டாகும். வரைய வரைய நிறம் திரும்பும். ஓவியர் என்று எல்லோரும் அழைத்த இளம்பெண்ணின் கைவண்ணம் அது. அந்தக் கோடுகளின் அழகில் மயங்கி முட்ட மறந்துவிடுவோமோ என்று சோதனையாளர் தன்னையே சந்தேகித்த நாள்களும் உண்டு.

சிறுமி குகை வாயிலை அடைந்தபின் என்ன ஆகும் என்பது மட்டும் அவளுக்குத் தெரியாது. தெரியக் கூடாது என்று விதி செய்தவளும் அவளே. முந்தைய விளையாட்டில் எல்லா முடிச்சுகளையும் முன்பே அறிந்திருந்ததால், அவள் கை தானாகவே சரியான இடத்துக்குப் போய்விட்டது. அதே இடத்தில் புதியவர்கள் வழி தெரியாமல் திண்டாடியதை அவள் காணவில்லை. “தெரிஞ்ச கண்ணு பாதிக் குருடு. இனிமே கடைசிப் பகுதிய எங்கிட்ட யாரும் சொல்லாதீங்க” என்றாள். மேலாளர் ஏற்றுக்கொண்டார். அந்தப் புராணத்தின் மீதிக் கதையைக்கூட அவள் படிக்கவில்லை. ஆகவே அவள் வரும்போது பேச்சு நின்றால் அவளுக்கு உறுத்தாது. அது விதி.

உறுத்தியது சிரிப்பு.

அவள் இருக்கையை ஒட்டியிருந்தது ஒலிப்பதிவு அறை. சில நாள்களாகப் பிற்பகல்களில் மேலாளரும் ஓவியரும் அதற்குள் போய்விடுவார்கள். உள்ளே ஒலிப்பதிவாளர் இருப்பார். கதவு சாத்தப்படும். சற்று நேரத்தில் சிரிப்பு கிளம்பும். சன்னமாகத் தொடங்கி, கதவின் தடித்த பஞ்சையும் மீறி வெடிக்கும். அவள் கைப்பிடியில் கை வைத்ததும் அறுத்தாற்போல் நிற்கும்.

பேச்சு நின்றால் விதி. சிரிப்பு நின்றால்?

அவள் தொழில்முறைப்படியே ஆராய்ந்தாள். ஒருமுறை நிகழ்ந்தது தற்செயல்; மறுபடி மறுபடி நிகழ்வதே பிழை. வேகமாகப் போய்த் திறந்தாள். செருப்பைக் கழற்றிவிட்டுப் பூனைநடை நடந்து திறந்தாள். தேநீர்க் கோப்பையோடு வழிதவறியவள்போலத் திறந்தாள். எப்படித் திறந்தாலும் சிரிப்பு நின்றது; உதட்டைக் கடித்தபடி அவளையே பார்த்தன அதே முகங்கள்.

தேநீர் எந்திரத்தின் அருகே ஓவியரை மடக்கினாள்.

“உள்ள என்ன அவ்ளோ சிரிப்பு?”

“சிரிப்பா? எங்க... யாரு சிரிச்சா?” ஓவியரின் காது சிவந்தது. கோடு இழுக்கத் தெரிந்த பெண்ணுக்குப் பொய் இழுக்கத் தெரியவில்லை.

“நான் செவிடு இல்லம்மா.”

“அக்கா, டீ வழியுது பாருங்க.”

வழியத்தான் செய்தது. துடைத்து நிமிர்வதற்குள் ஓவியர் மாயமாகியிருந்தாள்.

அந்த வாரமே மேலாளர் வந்து, “உங்க நாற்காலிய அந்தக் கோடியில போட்டுக்கலாமா? ஒண்ணும் இல்ல, கொஞ்ச நாளைக்குத்தான்” என்றார். ‘ஒண்ணும் இல்ல’ என்று தொடங்கிய எதுவும் ஒன்றும் இல்லாமல் முடிந்ததாக அவள் கண்டதில்லை. சுவர்களைத் தானே முட்டிப் பார்க்கும் நிரல் ஒன்று சந்தைக்கு வந்திருப்பதும், மேலாளர் அதை விசாரித்ததும் அவள் காதுக்கு எட்டியிருந்தன. நாற்காலி இன்று கோடிக்கு, நாளை வாசலுக்கு.

வேறொரு நிறுவனம் அவளை அழைத்துக்கொண்டிருந்தது. கூடையில் பழம் விழுந்தால் மணியடிக்கும் பிள்ளை விளையாட்டுகள் செய்பவர்கள். வெள்ளிக்கிழமை மாலைக்குள் பதில் வேண்டும் என்றார்கள்.

“போயிடலாம்னு பாக்கறேன்” என்றாள் கணவரிடம். அவர் தரையில் அமர்ந்து ஏதோ ஒரு குழாயின் வாயை ஊதிக்கொண்டிருந்தார்.

“புடிச்ச வேலைய விட்டுட்டா?”

“என்னப் பாத்துச் சிரிக்கற எடத்துல எப்படிங்க இருக்கறது?”

“உன்னப் பாத்துத்தான்னு யாரு சொன்னா?”

“நான் போனா நிக்குது. வேற என்னவாம்?”

“குளிர்பெட்டி வெளக்கு மாதிரி சொல்றியே! நீ தொறக்கறப்ப என்ன ஆகுதுன்னுதான் உனக்குத் தெரியும். மூடியிருக்கறப்ப என்னன்னு பாத்தியா?”

“பாக்கத்தானே செருப்பக் கழட்டிட்டுப் போனேன்!”

“அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். வாய்விட்டுக் கேளேன்டி.”

“கேட்டேன். டீ வழியுதுன்னா.”

அவர் குழாயைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். அவள் பார்த்த பார்வையில் மறுபடி எடுத்து ஊதத் தொடங்கினார்.

வெள்ளிக்கிழமை பிற்பகல் அவள் மேசை இழுப்பறையைக் காலிசெய்யத் தொடங்கினாள். தேய்ந்த கன்ட்ரோலர், கழுத்துவலித் தைலம், சீப்பு. சீப்பைப் பைக்குள் போடும்போது மேலாளரின் நிழல் விழுந்தது. வேலை போகும் செய்தி வந்துவிட்டது என்று நினைத்தாள்.

“கடைசிப் பகுதி தயார். இப்பவே பாத்துடறீங்களா?”

போகும்போது கடனோடு போவானேன் என்று எழுந்தாள். பெரிய திரைக்கு முன்னே அமர்ந்தாள். மூவரும் முதுகுக்குப் பின்னால் நின்றார்கள்.

தூரிகைச் சிறுமி குகை வாயிலை அடைந்து பாறையின்மேல் கையை வைத்தாள். உடனே திரை இருண்டது. கண் பழகியபின் விளங்கியது: ஆடுபவர் இப்போது சிறுமி அல்லர், குகைக்குள் அமர்ந்திருக்கும் தேவியே. அவள் மேனியின் மெல்லிய ஒளி தவிர வேறு வெளிச்சம் இல்லை. சோதனையாளர் பழக்கத்தின்படி சுவர்களை முட்டினாள். எல்லாம் திண்ணென்று நின்றன.

அப்போது வெளியே சிரிப்பு கேட்டது.

முதலில் ஒருவர், பிறகு பலர், பிறகு ஒரு பெருங்கூட்டம். ஆனால் பன்மடங்காக்கிய அந்தக் கூட்டத்துக்குள் அவள் மூன்று குரல்களைப் பிரித்தறிந்தாள். ஆடு கனைப்பது போன்றது மேலாளருடையது. கெண்டி கொதிப்பது போன்றது ஒலிப்பதிவாளருடையது. நடுநடுவே விக்கல் விழுவது ஓவியருடையது. அவளுக்குக் காது மடல் கொதித்தது. தேவியைப் பாறையை நோக்கி நடத்தினாள். தேவியின் கை பாறையில் பட்டது.

சிரிப்பு அறுத்தாற்போல் நின்றது.

சோதனையாளரின் விரலும் நின்றது. தேவியைத் திருப்பி மூலைக்கே கொண்டுபோய் உட்கார்த்தினாள். சிரிப்பு மீண்டும் எழுந்தது. மீண்டும் போனாள், நின்றது. மீண்டும் மூலை.

“ஏன் தள்ள மாட்டேங்கறாங்க? தள்ளினாத் தொறக்குமே” என்று ஓவியர் பின்னால் கிசுகிசுத்தாள்.

“தள்ள மாட்டேன்.” கன்ட்ரோலரை மடியில் வைத்தாள். “எதுக்குச் சிரிக்கறாங்க? அதச் சொல்லுங்க முதல்ல.”

ஒலிப்பதிவாளர் முன்னால் வந்தார். “கதையே அதானே அக்கா. தேவர்கள்லாம் வெளிய கூடி ஆடிப் பாடிச் சிரிக்கறாங்க. நான் இல்லாம உலகமே இருண்டு கெடக்கு, இவங்களுக்கு என்ன சிரிப்புன்னு அந்தம்மாவுக்குச் சந்தேகம் வருது. லேசாத் தொறந்து பாப்பாங்க. ஒருத்தர் கையப் புடிச்சு வெளிய இழுத்துடுவார். அதுக்காகத்தான் நாங்க மத்தியானம் மத்தியானம் உக்காந்து சிரிச்சோம். உங்க தட்டச்சுச் சத்தம் பதிவுல விழுந்துச்சு, அதான் நாற்காலிய மாத்தச் சொன்னோம். நீங்க கதவத் தொறந்தா விதிப்படி நிறுத்தணும். அந்தத் திடீர் அமைதி நல்லா இருக்குன்னு இவங்கதான் அப்படியே வெக்கச் சொன்னாங்க” என்று ஓவியரைக் காட்டினார்.

வாரம் முழுதும் தான் மோதிக்கொண்டிருந்தது தான் கட்டிய சுவரிலேயே என்பது அவளுக்கு உறைத்தது. ஆனாலும் மூலையில் குந்தியிருந்த தேவியை மறுபடி பார்த்தபோது ஒன்று தெளிவாயிற்று.

“இது பிழை” என்றாள். “சந்தேகந்தான் அவள எழுப்பிப் பாறை வரைக்கும் கூட்டிட்டு வருது, சரி. கைய வெச்சதும் சிரிப்பு நின்னா, அப்புறம் தொறப்பாளா? நம்மளப் பத்தித்தான்னு முடிவே பண்ணிடுவா. திரும்பிப் போயி இன்னொரு பாறைய எடுத்து வெப்பா.”

“அப்படி யாரு நெனப்பாங்க?” என்றாள் ஓவியர். “அந்த அமைதிதாங்க்கா அழகு.”

“நான் நெனச்சேன். சாயங்காலம் வேற எடத்துக்குப் போன் பண்ணி வர்றேன்னு சொல்றதா இருந்தேன்.”

மேலாளரின் பார்வை திறந்துகிடந்த இழுப்பறைமேல் போய், பைக்குள்ளிருந்து எட்டிப் பார்த்த சீப்பின்மேல் நின்றது. “நாங்க உங்களப் பாத்துச் சிரிக்கறோம்னா...? ஐயோ!”

ஓவியர் மட்டும் விடவில்லை. தன் அமைதியைக் காப்பாற்ற வேண்டும் அவளுக்கு. “சரி, நீ உள்ள போ” என்று சோதனையாளர் அவளை ஒலிப்பதிவு அறைக்குள் அனுப்பி, விளக்கை அணைத்துக் கதவைச் சாத்தினாள். பிறகு வெளியே மூவரும் சிரித்தார்கள். ஒப்புக்குத் தொடங்கிய சிரிப்பு, மேலாளரின் கனைப்பால் உண்மைச் சிரிப்பாயிற்று. கைப்பிடி அசைந்தது. சோதனையாளர் கையை உயர்த்தினாள். மூவரும் சட்டென்று வாயை மூடினார்கள்.

கைப்பிடி அப்படியே நின்றது. நீண்ட நேரம் திறக்கவில்லை. பிறகு கதவின் இடுக்கில் ஒற்றைக் கண் தெரிந்தது.

“என்ன சொன்னீங்க என்னப் பத்தி?”

“ஒண்ணும் இல்லம்மா” என்றார் மேலாளர்.

“பொய்! ஏதோ சொன்னீங்க. அந்தக் குகைக்குப் பச்ச நெறம் வெச்சேனே, அதத்தானே?”

கேட்டபின்தான் தன் குரல் தனக்கே விளங்கியது ஓவியருக்கு. காது சிவந்தது. “சரிக்கா. நிக்கக் கூடாது. கூடணும்” என்றாள்.

மறுபதிவு உடனே நடந்தது. உள்ளே மூவர் சிரிக்க வேண்டும். சோதனையாளர் வெளியிலிருந்து வந்து கதவைத் திறக்க வேண்டும். திறக்கும்போது சிரிப்பு பெருக வேண்டும். அவள் கைப்பிடியைத் தொட்டாள். திறந்தாள். கனைப்பும் கொதிப்பும் விக்கலும் அவள்மேல் மொத்தமாக வந்து மோதின. அப்போதும் அவள் ஒவ்வொரு முகமாகத் துருவினாள், எதிலாவது பொய் ஒட்டியிருக்கிறதா என்று. ஓவியருக்கு விக்கல் முற்றித் தண்ணீர் தேவைப்பட்டது. அதைக் கண்டதும் சோதனையாளருக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை.

சிரித்து ஓய்ந்ததும் கணவரை அழைத்தாள்.

“சொல்லிட்டியா அவங்ககிட்ட?” என்றார் அவர்.

“வரலைன்னு சொல்லப் போறேன்.”

“ஏன், என்ன ஆச்சு?”

“மூடியிருந்தப்பவும் எரிஞ்சுக்கிட்டுத்தாங்க இருந்திருக்கு. வீட்டுக்கு வந்து சொல்றேன்.”

கைப்பேசியை வைத்தவள் சீப்பை இழுப்பறையில் போட்டாள். ஏதோ ஒன்று அரித்தது. எழுந்து ஒலிப்பதிவு அறைக்குப் போய்க் கருவியை உற்றுப் பார்த்தாள். எரிய வேண்டிய சிவப்பு விளக்கு எரியவில்லை.

“ஏங்க, இது பதிவாச்சா?”

ஒலிப்பதிவாளர் குனிந்து பார்த்தார். நிமிர்ந்தபோது அவர் முகத்தில் ஈயாடவில்லை.

“பொத்தான அமுக்கவே இல்ல போல...”

“அதானே பாத்தேன்” என்றாள் அவள், விட்ட தொழிலை மீண்டும் பிடித்தவளின் நிறைவோடு. வெளியே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அவள் கைப்பிடியைத் தொடுவதற்கு முன்பே உள்ளே சிரிப்பு தொடங்கிவிட்டது.