கதவைப் பார்த்து உட்கார்ந்தவள்

ஆவடி தொழிற்சாலையிலிருந்து நான் ஓய்வு பெற்றதும், எங்கள் பகுதி ஏரியைக் காக்கும் குழுவுக்கு என்னைத் தலைவராக்கினார்கள். கட்டட இடிபாடுகளை லாரி லாரியாக ஏரியில் கொட்டிக்கொண்டிருந்தார்கள். தட்டிக் கேட்ட எங்களுக்கு மிரட்டல் வந்தது. தியானம் பழகியவன் என்பதால், கூட்டம் தொடங்கும் முன் எல்லோரும் கொஞ்ச நேரம் கண்மூடி அமரும் வழக்கத்தை நான்தான் கொண்டுவந்தேன். பாதுகாப்பு மனசுக்குள் இருக்கிறது, வெளியே தேடாதீர்கள் என்பேன். அதைச் சொல்லும்போது என் குரல் எனக்கே பிடிக்கும்.

ஒருத்தி மட்டும் கண்ணை மூட மாட்டாள். துணி கம்பெனியில் தைக்கிறவள், வீடு ஏரிக்கரையில். லாரிகளைப் படம் எடுத்தவள் அவள்தான். எப்போதும் கதவைப் பார்த்தே உட்காருவாள்.

“எல்லாரும் கண்ண மூடிகினா எவன் வர்றான்னு யாரு சார் பாக்கறது?”

கூடம் சிரித்தது. எனக்குச் சுருக்கென்றது.

“பயம்தாம்மா உன்னை அப்படி உட்கார வைக்குது” என்று சொல்லி, கதவுக்கு முதுகு காட்டி என் எதிரில் உட்கார வைத்தேன்.

அன்றே வந்தார்கள். செருப்புச் சத்தம் கேட்டுக் கண்ணைத் திறந்தேன். வாசலில் மூன்று பேர். முன்னால் நின்றவன் என்னைப் பார்த்து, பேசாதே என்பதுபோல உதட்டில் விரலை வைத்தான். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

“ஃபோட்டோ எடுத்த அக்கா யாருங்க?”

“நான்தான். இன்னா இப்போ?” அவள் எழுந்திருக்க வேண்டும், புடவை சரசரத்தது.

“ஒண்ணுமில்லக்கா. சும்மா பாத்துட்டுப் போலாம்னு வந்தோம். பொண்ணு டியூசன் முடிஞ்சி ஏரிக்கரைல தனியாத்தான் வருது போல. பாத்து வரச் சொல்லுங்க.”

பைக் சத்தம் அடங்கும்வரை நான் அசையவில்லை. இத்தனை வருடம் சொன்ன மந்திரத்தில் ஒரு சொல்கூட நாக்கில் வரவில்லை.

“சார் ஆடவே இல்ல பாத்தியா? சாமி மாதிரி” என்றார் ஒருவர். நான் மறுக்கவில்லை. இன்றுவரை மறுக்கவில்லை.

போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகலாம் என்று எல்லோரும் கிளம்பும்போது அவள் என் பக்கத்தில் வந்தாள்.

“நீங்க கண்ணத் தொறந்து மூடுனத நான் பாத்தேன் சார். உங்க மூஞ்சி மாறுனத வச்சித்தான் பின்னால ஆள் கீதுன்னு தெரிஞ்சிகினேன்.”

நான் செருப்பைத் தேடுவதுபோலக் குனிந்தேன்.

“அத்த வுடுங்க. நான் புகார் குடுக்கப் போவணும். பாப்பாக்கு இப்போ டியூசன் வுடுற நேரம். நீங்க போய்க் கூட்டியாறீங்களா? பயந்துகினே போங்க சார், பரவால்ல.”

போனேன். சிறுமியைக் கூட்டிக்கொண்டு வரும் வழியில், மெட்ரோ வேலைக்கு அடித்திருந்த தகரத் தடுப்பைத் தாண்டி ஏரிக்கரைப் பக்கம் திரும்பினால் ஆள் நடமாட்டம் இல்லை. பின்னால் வந்த பைக் ஒன்று வேகம் குறைத்தது. அவளை ஓரமாக இழுத்துக்கொண்டு திரும்பிப் பார்த்தேன். ஹெல்மெட்டுக்குள் முகம் தெரியவில்லை. அவனும் எங்களைப் பார்த்தான். பிறகு மெதுவாகக் கடந்து போனான். யாரென்று இப்போதும் தெரியாது.

“தாத்தா, கைய இவ்ளோ கெட்டியாப் புடிக்காதீங்க, வலிக்குது.”

பிடியைக் கொஞ்சம் தளர்த்தினேன்.

“நாளைக்கும் நீங்கதான் வருவீங்களா?”

வருவேன் என்றேன். சொல்லிவிட்டு இன்னொரு முறை திரும்பிப் பார்த்தேன்.