பாட மறுத்த பெட்டி

எதைக் கையில் கொடுத்தாலும் கண்ணாடிக்கார அக்கா முதலில் அதைக் காதருகே கொண்டுபோய் ஒரு குலுக்குக் குலுக்குவார். உள்ளே ஏதாவது கழன்று உருள்கிறதா என்று கேட்கிறாராம். அடுத்து மோந்து பார்ப்பார். கருகல் வாடை இல்லையென்றால் முகம் மலர்ந்துவிடும். "தீயல. அப்போ பேசலாம்" என்பார். எதிரே நிற்பவரிடம் சொல்கிறாரா, பொருளிடம் சொல்கிறாரா என்று யாருக்கும் தெரியாது.

மூக்குக்கண்ணாடிக் கடையில் சட்டத்துக்குள் லென்ஸ் பொருத்துவது அவர் வேலை. நாள் முழுக்கக் கடுகளவு திருகாணிகளோடு மல்லுக்கட்டிவிட்டு வீடு திரும்பினால், வேறு யாராக இருந்தாலும் காலை நீட்டிப் படுத்துவிடுவார். அக்காவுக்கு அப்போதுதான் பொழுதே விடியும். அந்த அடுக்குமாடியில் நின்றுபோன கடிகாரம், சுற்றாத மின்விசிறி, சூடேறாத இஸ்திரிப்பெட்டி எல்லாம் அவருடைய சாப்பாட்டு மேசைக்குத்தான் வந்து சேரும். எல்லாவற்றையும் சரிசெய்துவிடுவார் என்று நினைக்க வேண்டாம். பாதிக்குப் பாதி கையை விரித்துவிடுவார். ஆனால் ஏன் ஓடவில்லை என்று கண்டுபிடிக்காமல் திருப்பித் தரமாட்டார். ஒருமுறை எதிர்வீட்டு இஸ்திரிப்பெட்டியைப் பிரித்துப் போட்டு, காரணத்தைப் பிடித்துவிட்ட குஷியில், மிஞ்சிய திருகாணிகளைத் தனியாகக் காகிதத்தில் மடித்துக் கொடுத்தனுப்பினார். "இவளுக்கு நோய் என்னன்னு தெரிஞ்சா போதும். நோயாளி பொழைச்சா என்ன, போனா என்ன" என்று கணவர் கேலி பேசுவார். அக்காவுக்குக் கோபமே வராது. "அதுவும் வாஸ்தவம்தான்" என்று சிரிப்பார்.

ஒரு விடுமுறை நாள் காலையில் கீழ்வீட்டு டிரைவரின் மனைவி மூச்சு வாங்க மாடியேறி வந்தார். கையில் ஒரு பாட்டுப் பெட்டி. தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரியது. இறுக்கமான நீல ரப்பர் உறை போட்டு, காதில் மாட்டும் ஒயரைச் சுற்றியிருந்தது.

"இது உயிரை விட்டுடுச்சு கண்ணு. என்ன அமுக்கினாலும் முழிக்கல. கடையில காட்டினா, புதுசு வாங்கிக்கங்கன்னு சொல்லிட்டான்."

டிரைவர் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். இப்போது கைகால் நடுக்கம். நடந்துகொண்டே இருப்பார், திடீரென்று பாதம் பசை போட்டதுபோல் தரையோடு ஒட்டிக்கொள்ளும். ஆஸ்பத்திரியில் நடைப்பயிற்சி கொடுக்கிற அம்மா, தாளமுள்ள பாட்டைக் காதில் கேட்டபடி அந்தத் தாளத்துக்குக் கால் வைக்கச் சொல்லிக் கொடுத்திருந்தார். அது நன்றாகவே பலித்தது. பெட்டி பாடிக்கொண்டிருந்த வரையில் மனிதர் வீட்டு வாசலுக்கும் லிஃப்டுக்கும் இடையே போய்வந்து கொண்டிருந்தார். பெட்டி படுத்ததும் அவரும் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"பாத்ரூம் போகக்கூட என் தோளைத்தான் பிடிச்சுக்கறாரு. என் இடுப்பு எத்தனை நாளைக்குத் தாங்கும், சொல்லு."

அக்கா பெட்டியைக் குலுக்கினார். மோந்தார். "கடைசியா எப்போ பாடுச்சு, அண்ணி?"

"போன வாரம்."

"கீழ எங்கயாவது விழுந்துச்சா?"

"பெட்டி விழல. அவருதான் விழுந்தாரு, சமையலறை வாசல்ல. நல்லவேளை, அடி ஒண்ணும் இல்ல."

"தண்ணி பட்டுச்சா?"

"அதெல்லாம் இல்லம்மா."

அக்கா சார்ஜ் ஒயரை மாற்றினார். வேறு பிளக்கில் செருகினார். சார்ஜ் ஏற்றும் துளைக்குள் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, பல்குத்தும் குச்சியால் பதமாக நெம்பினார். சாம்பல் நிறத்தில் பஞ்சு சுருண்டு வந்தது. "சட்டைப் பை முழுக்க இதுக்குள்ளதான் குடியிருக்கு" என்றார். மறுபடி செருகியதும் ஓரத்தில் ஒரு சிவப்பு விளக்கு மினுங்கியது. "பாத்தீங்களா? சாகல. பசி மயக்கம்தான். கொஞ்சம் சாப்பிடட்டும்."

அண்ணி காய்கறி வாங்கக் கிளம்பினார். அக்கா துணி காயப்போட்டுவிட்டு வந்து பொத்தானை அழுத்தினார். திரை இருட்டாகவே இருந்தது. விடாமல் அழுத்திப் பிடித்தார். பின்புறத்து ஊசித் துளையில் குண்டூசியை நுழைத்துப் பார்த்தார். அசையவில்லை. பொத்தான் அமுங்கும்போது 'டிக்' என்ற சத்தம் மட்டும் சுத்தமாகக் கேட்டது. "பேட்டரி நல்லாருக்கு, பொத்தானும் நல்லாருக்கு. பின்ன எதுக்கு வீம்பு பிடிக்கிற?" என்று பெட்டியிடமே கேட்டார்.

கடைசியில் உறையைக் கழற்றினார். லேசில் வரவில்லை. நகத்தைக் கொடுத்து மூலையைத் தூக்கி, மெதுவாக உரிக்க வேண்டியிருந்தது. உள்ளே பக்கவாட்டில் ஒரு குட்டி விசை, அதனருகே பூட்டுப் படம். பையில் கிடக்கும்போது பொத்தான் தானாக அமுங்காமல் இருக்கப் பூட்டிவைக்கிற வசதி அது. பூட்டித்தான் கிடந்தது. அக்கா அதை நகர்த்திவிட்டுப் பொத்தானை அழுத்தினார். திரை பளிச்சென்று விழித்தது.

அத்தோடு கீழே கொண்டுபோய்க் கொடுத்திருக்கலாம். அக்காவுக்கோ நெற்றி சுருங்கியது. உறையை மறுபடி மாட்டி, மேலிருந்தே விசையைத் தள்ளிப் பார்த்தார். தடித்த ரப்பருக்கு அடியில் அது இம்மியும் நகரவில்லை. அப்படியென்றால் தானாகப் பூட்டிக்கொள்ளவில்லை. யாரோ உறையைக் கழற்றி, பூட்டி, திரும்ப மாட்டியிருக்கிறார்கள். அண்ணி என்றால் கடைக்கும் மாடிக்கும் ஏன் அலையப்போகிறார்? மிச்சம் ஒரே ஆள். தேநீர்க் குவளையை இரண்டு கையாலும் பிடித்தாலும் சிந்துகிறவர். அந்த விரல்களை வைத்துக்கொண்டு இந்த உறையோடு என்ன பாடு பட்டாரோ!

அக்கா பெட்டியை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினார். டிரைவர் ஜன்னலோரம் உட்கார்ந்து தெருவில் போகிற வண்டிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, ஒண்ணு கேக்கறேன். கோச்சுக்கக் கூடாது."

"கோச்சுக்கிட்டா மட்டும் கேக்காம விட்டுடுவியா?"

"இதைப் பூட்டி வச்சது நீங்கதானே?"

அவர் பெட்டியைப் பார்த்தார். நடுங்கும் கையைத் தொடைக்கு அடியில் செருகிக்கொண்டார். "அந்தச் சனியன் பிடிச்ச உறையைக் கழட்டறதுக்குள்ள சட்டையே நனைஞ்சு போச்சு" என்றார்.

"ஏன்ணே?"

"பாட்டு முன்னாடி ஓடுது, நான் பின்னாடி ஓடுறேன். முன்னெல்லாம் ரெண்டும் ஒத்துப்போச்சு. இப்போ நான் ஒரு அடி வைக்கறதுக்குள்ள அது அடுத்ததுக்குப் போயிடுது. அதை எட்டிப் பிடிக்கப் போய்த்தான் அன்னைக்கு விழுந்தேன். அவகிட்டச் சொன்னா, வியாதி முத்திடுச்சுன்னு ஒரு மூலையில உட்கார்ந்து அழுவா. பெட்டி கெட்டுப்போச்சுன்னா யாரும் அழமாட்டாங்க இல்ல?"

அக்கா அவர் காலடியில் சம்மணமிட்டு உட்கார்ந்தார். "எவ்வளவு முந்துது? உங்க கால் போற வேகத்தைத் தட்டிக் காட்டுங்க."

அவர் குழப்பத்தோடு நாற்காலிக் கையைத் தட்டினார். அக்கா ஒயரின் ஒரு முனையை அவர் காதிலும் மறுமுனையைத் தன் காதிலும் மாட்டிக்கொண்டு, திரையில் ஒவ்வொரு பக்கமாகத் திறந்து மூடினார். எங்கோ ஓர் இடுக்கில் பாட்டின் வேகத்தைக் குறைக்க வழி இருந்தது. ஒரு படி குறைத்தார். "இப்போ?"

"ம்ஹூம்."

இன்னொரு படி. குரல் கொழகொழவென்று இழுத்தது. டிரைவருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "பாடறவனுக்குத் தூக்கம் சொக்குது போல!"

"அவரு தூங்கட்டும். மேளம் முழிச்சிருக்கா, அதைப் பாருங்க."

டிரைவரின் குதிகால் தரையைத் தட்டத் தொடங்கியது. தப்பாமல் விழுந்தது. "ஆள் நிறைஞ்ச வண்டி மேடு ஏறற வேகம்மா இது."

"ஏறிடும்ல? போதும். ஆனா விழுந்ததை ஆஸ்பத்திரி அம்மாகிட்டச் சொல்லியாகணும். அண்ணிகிட்டயும் நீங்களேதான் சொல்லணும், நான் சொல்லமாட்டேன்."

"சொல்றேன். முதல்ல வாசல் வரைக்கும் போய்ப் பார்க்கறேன்."

ஒயர் குட்டை. தோளோடு தோள் உரச நின்றால்தான் இருவர் காதுக்கும் எட்டியது. வாசற்படியைத் தாண்டி நடைகூடத்தில் இறங்கினார்கள். பாதி தூரம் போயிருப்பார்கள், லிஃப்ட் திறந்தது. காய்ப்பையோடு வெளியே வந்த அண்ணி அப்படியே நின்றுவிட்டார்.

"பாடுதா! ஐயோ, என்னதான் கோளாறு அதுக்கு?"

அக்கா 'இருங்க' என்பதுபோல் ஒரு கையை மட்டும் உயர்த்திக் காட்டிவிட்டு, மேளம் விழுந்த நேரத்தில், டிரைவரின் இடது காலோடு தன் இடது காலையும் எடுத்து வைத்தார்.