குரக்கனுக்குக் கொழுந்துப் பதம் கிடையாது

காலை ஏழேகாலுக்கு ஹட்டனில் பஸ் ஏறினேன். வட்டவளை பதினோரு கிலோமீட்டர்தான். மழைக்குப் பேர்போன ஊரில் மாசி வெயில் அடிக்கும்போதே போய்விட வேண்டும் என்று அவசரம் எனக்கு.

என் பள்ளித் தோழி செல்வி, தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்குப் பின்னால் கைவிட்ட தேயிலை நிலத்தில் குரக்கன் போட்டிருக்கிறாள். தமிழ்நாட்டில் கேழ்வரகு என்பார்களே, அதுதான். படியேறும்போதே அவள் குரல் வந்தது.

"வந்துட்டாங்கய்யா டீச்சரம்மா! மூட்டையத் தூக்க ஆள் கெடச்சிருச்சு."

இந்தப் போகத்துக் குரக்கன் மூட்டை, கினிகத்தேனை மில்லுக்குப் போகிறது. போன தடவை மில்காரர் சூம்பிய மணிகளைப் பார்த்துக் கோழித்தீனியில் சேர்த்துவிட்டார். இந்தத் தடவையும் அப்படியானால் அவள் கணவர் ரவி கொழும்புக்குக் கடை வேலைக்குப் போகிறார். பை கட்டிக் கதவோரம் இருந்தது. செல்வி அதைப் பார்க்காமலே நடமாடினாள்.

போன தடவை என்ன ஆச்சு என்று கேட்டேன்.

"கதிரு பச்சையா எளசா நின்னுச்சு. தேயிலக் கொழுந்து எடுக்குற கை சும்மா இருக்குமா? முத்துறதுக்குள்ள கிள்ளிட்டேன்."

"அத மட்டும் சொல்லு, என் கதைய விட்டுரு," என்றார் ரவி சிரித்துக்கொண்டே.

"இவரு தேயிலை உரத்த அள்ளிப் போட்டாரு. பயிரு ஆளுயரம் வளந்து, சொகமாப் படுத்துக்கிச்சு!"

அப்போது ஓரத்தில் அவள் கைக்குத் தப்பிய கொஞ்சம் கதிர்கள் மட்டும் நன்றாக முற்றியிருந்தன. அவைதான் இந்த வருடத்து விதை. உரத்துக்குப் பதில் மக்கிய சாணம். அறுப்பு ஒரே நாளில் இல்லை. கொழுந்துக்குப் போவதுபோலவே சுற்றுச் சுற்றாகப் போய், பழுத்த கதிரை மட்டும் எடுத்திருக்கிறாள். குவிக்காமல் மெல்லிசாகப் பரப்பிக் காயவைத்திருக்கிறார்கள். நல்ல விதை, நல்ல மண், பதமான அறுப்பு, நல்ல உலர்த்தல் என்று நான் விரல் மடக்க, "எல்லாத்துக்கும் பொறுமைன்னு ஒரே பேருதான்டி," என்றாள்.

அவர்கள் குழந்தையைத் தோட்டத்துக் குழந்தைக் காப்பகமான பிள்ளைமடுவத்தில் விட்டுவிட்டு மூவரும் பஸ் ஏறினோம். மூட்டை ரவியின் மடியில்.

மில்லில் சிங்கள முதலாளி ஒரு பிடி அள்ளி உள்ளங்கையில் தேய்த்து ஊதினார். உமி பறந்தது, மணி அசையவில்லை. இரண்டை வாயில் போட்டார். கடக்கென்று சத்தம்.

"இது கோழிக்கு இல்ல," என்றார் அவருடைய தமிழில். "மனுசனுக்கு. அடுத்த போகமும் எனக்குத்தான் கொண்டாறணும், ஹரித? சரிதானே?"

ரவி தலையாட்டினார். செல்வி முந்தானையில் கொஞ்சம் மாவு கேட்டு வாங்கிக்கொண்டாள், பிள்ளைக்குக் கஞ்சி காய்ச்ச.

திரும்பும் பஸ்ஸில் ரவி கொழும்புக்குப் போன் போட்டார். "வரலண்ணே. இல்லண்ணே, வெதைக்கணும்."

வட்டவளையில் இறங்கினார்கள். "வீட்டுக்குப் போனதும் அந்தப் பையக் காலி பண்ணுங்க," என்று செல்வி சொல்வது ஜன்னல் வழியே கேட்டது. "வெதக் கதிரு போட்டு வைக்கணும்."

ஹட்டனில் எங்கள் வீட்டில் அன்றிரவும் கடை அரிசிச் சோறுதான். எவர் கை எத்தனை நாள் பொறுத்திருந்த மணியோ என்று, முதல்முறையாக மெதுவாகச் சாப்பிட்டேன்.