நூத்தியெட்டு ஓட்டைப் பொட்டி

இது நடந்த கதை. அய்யனாரு குதிரை மேல அடிச்சுச் சொல்றேன், ஒரு சொல்லு பொய் கெடையாது. சரி, குதிரை மேல அடிச்சிட்டுப் பொய் சொன்னா குதிரை ஒதைக்கும்ல? அதுனால இப்பவே ஒத்துக்கிறேன், அங்கங்க கொஞ்சம் இழுத்திருக்கேன். புரோட்டா மாவ இழுத்து வீசாம புரோட்டா வருமா? ஆனா மாவு நல்ல மாவு. சாப்புட்டுப் பாருங்க.

தங்கப்பாண்டிக்கு நாப்பத்திமூணு வயசு. சமயநல்லூருக்கு மேக்க ஊரு. கப்பலூர்ல கரண்டு பொட்டி செய்யிற கம்பேனியில பத்தொம்பது வருசமா தகரம் வளைக்கிறான். ஆளு சாதாரண ஆளுதான், ஆனா காது இருக்கே, அது யானைக்குப் போக வேண்டியது, வழி தவறி இவன்ட்ட வந்துருச்சு. எறும்பு தும்முனா எந்தப் பக்கம் திரும்பித் தும்முச்சுன்னு சொல்லிருவான். தவளை, டிராக்டரு, பஸ்ஸு ஹாரன், எதக் கேட்டாலும் பதிஞ்சு வச்சுக்கிருவான். சம்பளத்துல பாதிக்கு மைக்கு மைக்கா வாங்கிப் பரண்ல அடுக்கி வச்சிருக்கான்.

அந்தக் காதாலதான் அவனுக்குக் கல்யாணமே ஆச்சு. இருவது வருசத்துக்கு முந்தி மைக் செட்டுக்காரனுக்கு ஒயரு இழுக்கப் போனவன், பந்தக்கால்ல ஏறி கொழாய் ஸ்பீக்கரு கட்டிக்கிட்டிருந்தான். கீழ முளைப்பாரிச் சட்டிகளச் சுத்திப் பொம்பளைக கும்மி கொட்டுறாக. அம்புட்டு சத்தத்துலயும் ஒரு குரலு தனியா எந்திரிச்சு மேல வந்துச்சு. யாரு அதுன்னு குனிஞ்சான் பாருங்க, பொத்துன்னு விழுந்தான். விழுந்த எடத்துலயே பொண்ணு கேட்டான்னு ஊருல சொல்லுவாய்ங்க. அதெல்லாம் பொய்யி. எந்திரிச்சு மண்ணத் தட்டிட்டுத்தான் கேட்டான்.

அந்தக் குரலுதான் தாமரைச்செல்வி. இன்னைக்கும் ஊரு முளைப்பாரிக்கு அவதான் பாட்டெடுத்துக் குடுப்பா. வீட்டுலயும் அதே குரல்லதான் திட்டுவா. "ஏங்க, இந்த ஒயர ஒழுங்காச் சுருட்டி வைக்க மாட்டீகளா, பாம்புன்னு பயந்து செத்தேன்!" தங்கப்பாண்டி கண்ண மூடிக் கேட்டுக்கிட்டிருப்பான்.

இந்த வருசம் மாசி கடேசியில அவ கழுத்துல நெல்லிக்கா கணக்கா ஒரு கட்டி. தைராய்டுன்னாரு டாக்டரு. பயப்பட ஒண்ணுமில்ல, எடுத்துரலாம்; நூத்துல ஒருத்தருக்கு மட்டும் குரலு மாறிப்போகலாம்னு சொன்னாரு. தாமரை காதுல அந்தத் தொண்ணூத்தொம்பதும் விழுந்துச்சு. நம்மாளு காதுல ஒண்ணு மட்டும் விழுந்துச்சு.

"போனாப் போகுது, ஒங்களுக்கு லாபந்தான? திட்டு மிச்சம்"னு சிரிச்சா அவ.

அவனுக்குச் சிரிப்பு வரல. முளைப்பாரி எடுக்குறது செவ்வாக்கெழம. ஆப்பரேசன் வியாழக்கெழம. அதுக்குள்ள அவ குரலப் பதிஞ்சு வச்சிரணும். முளைப்பாரிப் பாட்டப் பாரி இல்லாத எடத்துல பாட மாட்டாக, பாடுனா ஊருக்கு ஆகாது. அதுனால ஸ்டூடியோவுக்குக் கூட்டிட்டுப் போறதெல்லாம் நடக்காது. செல்போன்ல எடுத்தா கொட்டுச் சத்தமும் குலவையுந்தான் விழும், குரலு அடியில போயிரும். எட்டு மைக்கக் கட்டி, எட்டையும் தனித்தனியாப் பதியணும். அதுக்குக் கம்பியூட்டர் வேணும். வீட்டுல கெடக்குற கம்பியூட்டர் கோயில் வாசலுக்கு வரணும்.

போன வருசமும் இப்பிடித்தான் கெளம்புனான். கம்பியூட்டர வேட்டியில சுத்தி டிவிஎஸ் பிப்டில முன்னால வச்சுக்கிட்டு வந்தான். நம்ம ரோட்டுலதான் பத்தடிக்கு ஒரு வேகத்தடை இருக்கே! எறக்கிச் சுச்சு போட்டா லொட லொடன்னு ஒரு சத்தம், அம்புட்டுத்தான். "மாப்ள பொட்டிக்குப் பேதியாகுது"ன்னு சிரிச்சாக பொம்பளைக. ஒரு வருசமா அவன எங்க பாத்தாலும் "பொட்டி சொகமா மாப்ள?"ன்னுதான் கேட்டாக.

இந்தத் தடவ அவன் விடல. கம்பேனி மொதலாளிகிட்டக் கேட்டு, வேலை முடிஞ்சு சாயங்காலம் சாயங்காலமா ஒக்காந்து ஒரு பொட்டி செஞ்சான். கம்பியூட்டரோட தகரக் கூட்டக் கழட்டி எறிஞ்சிட்டு, உள்ள இருக்குற பலகைய மட்டும் எடுத்து ஒரு தட்டுல முடுக்குனான். தட்டுக்கு அடியில ஸ்கூட்டர் எஞ்சினுக்குப் போடுற ரப்பர வச்சான், வேகத்தடை வந்தா ரப்பரு ஆடும், கம்பியூட்டரு ஆடாது. மேல் அடுக்குல எட்டு மைக்கு சொருகுற சவுண்டு கார்டு, கீழ் அடுக்குல பேட்டரி. மூலைக்கு மூலை இரும்புப் பூணு, ரெண்டு பக்கமும் கைப்பிடி, அடியில சக்கரம். போன வருசம் பட்ட பாட்டுல, பின் கதவ எட்டு ஸ்க்ரூ போட்டு இறுக்கிட்டான். பொட்டி என்ன கனங்கிறீக? ரெண்டு பேரு தூக்குனா, வேடிக்கை பாத்த மூணாவது ஆளுக்கு இடுப்புப் பிடிச்சுக்கிருச்சு.

உள்ள சூடு தங்கக்கூடாதுல்ல? காத்துக்குப் பக்கவாட்டுல ஓட்டை போடணும். வேற எவனா இருந்தாலும் கோடு கோடா வெட்டி விட்டுருப்பான். இவன், வாசல்ல தாமரை போடுற புள்ளிக்கோலத்தப் போட்டோ எடுத்துட்டுப் போயி, புள்ளிக்குப் புள்ளி டிரில்லு போட்டான். பக்கத்துக்கு அம்பத்திநாலு, மொத்தம் நூத்தியெட்டு. எதுக்குண்ணே இம்புட்டு வேலைன்னு நல்லகாமன் கேட்டான். கூட வேலை பாக்குற பய, சொந்தமா ஒரு குட்டியானை வண்டி வச்சிருக்கான்.

"அவ பாட்டுக்கு அவ கோலம் இருக்கட்டும்டா"ன்னான் தங்கப்பாண்டி. சொல்லிட்டுத் தகரத்தப் பாத்துக் குனிஞ்சுக்கிட்டான்.

செவ்வாக்கெழம மத்தியானம் பொட்டி குட்டியானையில வந்து கோயில் வாசல்ல எறங்குச்சு. சுச்சப் போட்டான், ஓடுச்சு. லொட இல்ல, பேதி இல்ல. கேலி பண்ண வந்த பொம்பளைக வேற வேலை பாக்கப் போயிட்டாக. அவன் ஒயரத் தோள்ல போட்டுக்கிட்டு மைக்குக் கட்டப் போயிட்டான்.

இங்கதான் சீனியம்மாள் வாராக. தாமரைக்கு அத்தை, பக்தியான மனுசி. புதுசா ஒரு ஆணி வாங்குனாக்கூட அதுக்குப் பொட்டு வச்சாத்தான் அவுகளுக்குச் சோறு எறங்கும். பொட்டியச் சுத்திப் பாத்தாக. "அடியே, புதுப்பொருளு சாமிக்கு முன்னால வெறும் மேலோட நிக்கலாமா? மாப்ளதான் பொட்டு வைக்கப் புள்ளியெல்லாம் வச்சு விட்டுட்டுப் போயிருக்காரே!" கிண்ணியில சந்தனத்தக் கெட்டியாக் கொழச்சாக. ஒரு புள்ளி விடல. நூத்தியெட்டு ஓட்டையிலயும் சந்தனத்த அப்பி, அது மேல குங்குமத்த வச்சு, முன்னால ஒரு மாலையும் சாத்திட்டாக.

தங்கப்பாண்டி வந்தான். மாலையப் பாத்தான், சிரிச்சுக்கிட்டான். பக்கவாட்ட யாரு பாக்குறா?

நாலு மணி. பங்குனி வெயிலு மண்டைய ஒடைக்குது. பாரியெல்லாம் நடுவுல இருக்கு. தாமரை எடுத்தா:

"இருட்டுக்குள்ள போட்ட பயறு
எம்புட்டு வெள்ளையாச் சிரிக்குது பாரு!"

ஹெட்போன மாட்டியிருந்த தங்கப்பாண்டிக்கு ஒடம்பு சிலுத்துப்போச்சு. கொட்டு தனியா நிக்கிது, கைதட்டு தனியா நிக்கிது, நடுவுல அவ குரலு காதுக்குள்ள வந்து சம்மணம் போட்டு ஒக்காந்துக்கிருச்சு. இருவது வருசத்துக்கு முந்தி பந்தக்கால்ல கேட்ட அதே குரலு. கண்ணத் தொடச்சிட்டுப் பாக்குறான், ஸ்கிரீன்ல கம்பியூட்டர் சூடு எழுவது டிகிரி. பாட்டு பாதி தாண்டுது, எம்பத்தஞ்சு. பொட்டி மேல கை வச்சான், தோசை ஊத்தலாம். பக்கவாட்டுல எட்டிப் பாத்தான். அங்க சந்தனம் காஞ்சு சிமிண்டா நிக்கிது.

பின் கதவத் தெறக்கலாம்னா எட்டு ஸ்க்ரூ. ஸ்க்ரூ டிரைவரு குட்டியானையில. குட்டியானை தண்ணி கேன் எடுக்கப் போயிருச்சு. சத்தம் போட்டா மைக்குல விழும். பந்தல் கீத்துல இருந்து ஒரு ஈர்க்க உருவி, முட்டி போட்டு ஒவ்வொரு ஓட்டையாக் குத்த ஆரம்பிச்சான். ஒண்ணு, ரெண்டு, மூணு. அதப் பாத்த ஒரு பெரியாளு, "பொட்டிக்கு அலகு குத்துறாருய்யா!"ன்னு கையெடுத்துக் கும்புட்டாரு.

அறுவத்தோரு ஓட்டை குத்திட்டான். சூடு தொண்ணூத்தேழு. பாட்டு கடேசி அடிக்கு வந்துருச்சு. எந்த வீட்டுப் பாரி முன்னால போகணும்னு பாட்டெடுக்குறவ அந்த அடியிலதான் பேரு சொல்லுவா. ஒரு வருசத்துக்கு அந்த வீட்டுக்கு மருவாதை. "முன்னால போற பாரி யாரு வீட்டுப் பாரி?"ன்னு இழுத்தா தாமரை. அம்புட்டுப் பேரும் குலவை போட்டாக. பொட்டி "டப்"புன்னு அணைஞ்சுச்சு.

குலவையில அவ வாய் அசைஞ்சது தெரிஞ்சுச்சு, பேரு யாரு காதுலயும் விழல. சீனியம்மாளும் ரோகிணியும் ஒரே நேரத்துல பாரியத் தூக்கி, தோளோட தோள் ஒரசிக்கிட்டே கண்மாய் வரைக்கும் போனாக. ரோகிணிங்கிறது எதுத்த வீட்டுக்காரி, யாருக்கும் எடங்குடுக்காதவ.

ஆப்பரேசன் நல்லபடியா முடிஞ்சுச்சு. ஒரு வாரம் பேசாதம்மான்னாரு டாக்டரு. வாரம் போயி, இனிப் பேசலாம்னாரு. அன்னைக்கு விடியக்காலம் தாமரை அடுப்படியில தனியா நின்னு ஒரு வாட்டி தொண்டையத் தெறந்து பாத்தா. கரகரன்னு என்னமோ வந்துச்சு. மூடுனவதான், மூணு வாரமா வாயத் தெறக்கல. எல்லாம் சாடைதான். கோவம் வந்தா கரண்டியத் தட்டுவா. திட்டு இல்லாத வீட்டுல தங்கப்பாண்டிக்குச் சோறு எறங்கல, பாதி ஆளாப் போயிட்டான். "ஒரு வார்த்த சொல்லு தாமர, மூதேவின்னாவது சொல்லு"ன்னு கெஞ்சுவான். அவ தலைய ஆட்டிட்டுப் போயிருவா.

ஒரு ஞாயித்துக்கெழம காலையில, பதிஞ்ச பாட்டு கேக்கணும்னு கும்மிக்காரப் பொம்பளைக வீட்டுக்கு வந்தாக. நல்லகாமனும் வந்திருந்தான். தங்கப்பாண்டி பொட்டிய நடு வீட்டுல வச்சான். எம்புட்டுக் கழுவியும் குங்குமக் கறை போகல, அம்மை போட்ட புள்ளை கணக்கா இருந்துச்சு. பாட்டப் போட்டான். வீடே நெறஞ்சுபோச்சு. தாமரை கதவு நெலையப் பிடிச்சுக்கிட்டு, தன் குரல யாரு குரலோ மாதிரி கேட்டுக்கிட்டு நின்னா. கண்ணுல தண்ணி நிக்கிது.

"முன்னால போற பாரி யாரு வீட்டுப் பாரி?" குலவை எந்திரிச்சுச்சு. டப்.

"நம்ம வீட்டுப் பாரிதான், நான் வாயசைப்பப் பாத்தேன்"னாக சீனியம்மாள்.

"அத்தை, சும்மா இருங்க. என் பேரத்தான் சொன்னா. எனக்குக் கேட்டுச்சு"ன்னா ரோகிணி.

"ஒனக்கு மட்டும் எப்பிடிடி கேட்டுச்சு? ஒனக்கென்ன மாப்ள காதா இருக்கு?"

"பேரு கேக்கக்கூடாதுன்னுதான ஓட்டைய அடைச்சீக?"

"என்னது! சாமி சந்தனத்தயா சொல்ற?" சீனியம்மாள் கொண்டைய முடிஞ்சாக. ரோகிணி முந்தானையச் சொருகுனா. மத்த பொம்பளைக இந்தப் பக்கம் நாலு, அந்தப் பக்கம் நாலுன்னு பிரிஞ்சு நின்னாக.

"ரெண்டு பேரும் வாய மூடுறீகளா இல்லையா!"

தாமரை. அம்புட்டுத் தலையும் கதவுப் பக்கம் திரும்புச்சு. பழைய குரலு வெண்கலம்னா இது கருப்பட்டி. அடியில கொஞ்சம் மணலு அரைக்குது, ஆனா கனமா இருக்கு, குரலுதான்.

"அத்தை பேரும் இல்ல, ரோகிணியக்கா பேரும் இல்ல. பொட்டி அணைஞ்சதும் இந்தாளு ஈர்க்கும் கையுமா அழுதுருவாரு மாதிரி முட்டி போட்டு நின்னாரு. அதப் பாத்ததும் பாட்டே மறந்துபோச்சு. வாய மட்டும் அசைச்சேன், போதுமா?"

"பாட்ட முடிக்காமயா பாரியக் கரைச்சோம்? அடிப்பாவி!"ன்னாக சீனியம்மாள்.

"எல்லாம் ஒங்க சந்தனத்தால வந்தது அத்தை!"ன்னா தாமரை.

"ஓட்டை போட்டது யாருடி? மாப்ளதான?"

"அவரு போட்டது கோலத்தப் பாத்து. அந்தக் கோலம் யாரு போட்டது?"ன்னு எடையில புகுந்தா ரோகிணி.

"ஓஹோ, சுத்திச் சுத்திக் கடேசியில என் தலையிலயா விடியிது? ஏங்க, நீங்களே கேளுங்க இந்த நாயத்த!"

கிண்ணி உருளுது, நாக்காலி சாயிது. நல்லகாமன் சொவரோட ஒட்டிக்கிட்டு, "அண்ணே, அடிதடி ஆகப்போகுது, வெலக்கி விடுங்கண்ணே!"ன்னு கத்துறான்.

தங்கப்பாண்டி ஒரு மைக்கத் தாமரை பக்கம் திருப்பி வச்சிட்டு, ஹெட்போன மாட்டி, கண்ண மூடி ஒக்காந்திருந்தான். வெரலு செவப்பு பட்டன் மேல இருந்துச்சு.

"சத்தம் போடாதடா, பதியிது."